குருமே, நாகஹாமா, குமாமொத்தோ: பன்றி எலும்புச் சாறு ஆக்கிப் பார்த்த பதிவு

ஜப்பானில் இன்று விற்பனையாகும் வீட்டு எரிவாயு அடுப்புகளில் பெரும்பாலானவை, 2 மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் தாமாகவே அணைந்துவிடும். அடுப்பை மறந்துவிட்டு உறங்கிப் போகிறவர்களைக் காப்பதற்கான ஏற்பாடு அது. பன்றி எலும்பை 12 மணி நேரம் கொதிக்க வைக்க எண்ணுகிறவருக்கோ அதுதான் முதல் இடையூறு. ஃபுகுவோகாவில் ஒரு வாடகை வீட்டின் சிறிய சமையலறையில் இருந்துகொண்டு, சுற்றுவட்டார ஊர்களின் தொன்கொட்சு ராமெனை, அதாவது பன்றி எலும்புச் சாற்றில் இட்ட நூடுல்ஸைக், கடைகளில் உண்டு பார்த்து, அவற்றின் சாற்றை வீட்டில் ஆக்கிப் பார்க்கும் வேலையைத் தொடங்கியபோது, அடுப்பு அணையும் முன்பே நானே அணைத்து, பானையின் அடியை மரத்துடுப்பால் சுரண்டி, குறைந்த நீரை வெந்நீரால் ஈடுசெய்து, மீண்டும் பற்ற வைப்பது என்று ஒரு முறை வகுத்துக்கொண்டேன். கட்டாயத்தால் வந்த ஒழுங்கு என்றாலும் அது நன்மையே செய்தது. எலும்புத்தூள் அடிப்பிடித்துக் கருகிய வாடை இந்தச் சாற்றில் ஏறிவிட்டால், அதை நீக்க எந்த வழியும் இல்லை.

செய்முறைக் குறிப்புகளைப் படிக்கும்போது, ஊருக்கு ஊர் மாறுவது மேலே இடும் பொருள்கள்தாம் என்ற எண்ணம் ஏற்படுகிறது: இங்கே சிவப்பு இஞ்சி, அங்கே கருகிய பூண்டு எண்ணெய், இன்னோர் இடத்தில் முள்ளங்கி ஊறுகாய். கடைகளில் உண்டு, வீட்டில் ஆக்கி, மீண்டும் கடைக்குச் சென்று ஒப்பிட்ட பின் என் கருத்து வேறாகிவிட்டது. எலும்பும் நீரும் தீயும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பானைக்குள் நேற்றைய சாறும் இன்றைய சாறும் கலக்கின்றனவா, கலந்தால் எந்த நிலையில் கலக்கின்றன என்பதில்தான் குருமேயும் நாகஹாமாவும் பிரிகின்றன. இப்பதிவில் பானைக்கே மிகுதியான இடம் தந்திருப்பதற்குக் காரணம் அதுவே.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபுகுவோகா மாநிலத்தின் தென்பகுதியில் சிக்குகோ ஆற்றங்கரையில் உள்ள குருமே நகரத்தில், 1937-இல் மியாமொத்தோ தொகியோ என்பவர் தொடங்கிய ‘நான்கின் சென்ரியோ’ என்ற தள்ளுவண்டிக் கடையே பன்றி எலும்பு ராமெனின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அவர் நாகசாகி வட்டாரத்தைச் சேர்ந்தவர்; அவ்வூரின் சம்பொன் என்ற நூடுல்ஸ் உணவும், யோகோஹாமாவின் சீன நூடுல்ஸும் அவருக்கு வழிகாட்டின. ஆனால் அன்றைய சாறு இன்று நாம் அறிந்த பால்வெண்மை கொண்டதாக இல்லை. 1947-இல் அதே நகரில் சுகினோ கட்சுமி தொடங்கிய ‘சான்கியூ’ கடையில், பானை கவனிப்பாரின்றி அளவுக்கு மீறிக் கொதித்துச் சாறு வெண்மையாகிவிட, எறிந்துவிட மனமின்றிச் சுவைத்துப் பார்த்தபோது அது முன்னதைவிட நன்றாக இருந்ததாகச் சொல்கிறார்கள். இந்தக் கதையின் ஒவ்வொரு விவரத்தையும் நம்ப வேண்டியதில்லை. எனினும் அதிலுள்ள வேதியியல் முற்றிலும் சரியானது. சான்கியூவின் பெயரில் 1952-இல் குமாமொத்தோ மாநிலத்தின் தமானா நகரில் ஒரு கடை திறக்கப்பட, அங்கு உண்டு கற்றுக்கொண்டவர்கள் வழியாகக் குமாமொத்தோ ராமென் பிறந்தது. ஃபுகுவோகா நகரின் ஒரு பகுதியான ஹகாத்தாவில் 1946-இல் சுதா ஷிகெரு தொடங்கிய ‘அகானோரென்’ வேறொரு வேரைக் கொண்டது. அவர் போர்க்காலத்தில் சீனாவின் வடகிழக்குப் பகுதியில் உண்ட சாற்றை நினைவில் வைத்து அதை உருவாக்கினார்.

வெண்மை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் மற்ற வேலைகள் எளிதாகும். எலும்பைச் சுற்றியுள்ள சவ்விலும் குருத்தெலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன், நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறி நீரில் கரைகிறது. மஜ்ஜையிலிருந்தும் முதுகுக் கொழுப்பிலிருந்தும் உருகிய கொழுப்பு மேலே மிதக்கிறது. பானை கொந்தளித்துக் கொதிக்கும்போது அந்தக் கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாக உடைகிறது. ஜெலட்டினும், மஜ்ஜையிலுள்ள லெசித்தின் போன்ற பொருள்களும் அத்துளிகளைச் சூழ்ந்துகொண்டு மீண்டும் ஒன்றுசேர விடாமல் தடுக்கின்றன. அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் சாறு வெண்மையாகத் தெரிகிறது. நம் ஊர் ஆட்டுக்கால் பாயாவை இரவு முழுவதும் சிறு தீயில் வைத்தாலும் அது தெளிவாகவே இருப்பதற்கும், பன்றி எலும்புச் சாறு பால்போல் ஆவதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு தீயின் வேகத்திற்கே உரியது.

எலும்பு வாங்குவது ஃபுகுவோகாவில் கடினமன்று. இறைச்சிக் கடையில் முன்கூட்டிச் சொல்லி வைத்தால், கென்கொட்சு எனப்படும் தொடை எலும்பை நடுவில் அறுத்து, உறைந்த நிலையில் தருகிறார்கள். பல கடைகள் பன்றித் தலையெலும்பையும் சேர்க்கின்றன. கெட்டித்தன்மையும் ஒருவகை இனிப்பும் அதிலிருந்து வருகின்றன. வீட்டுப் பானையில் அது இடம் கொள்ளாது என்பதால் நான் தவிர்த்துவிட்டேன். 12 லிட்டர் கொள்ளும் பானைக்கு நான் நிலைப்படுத்திக்கொண்ட அளவு: தொடை எலும்பு 2 கிலோ, முதுகெலும்பு 1 கிலோ, பிளந்த பன்றிக்கால் 2, முதுகுக் கொழுப்பு 300 கிராம், நீர் 7 லிட்டர். தொடை எலும்பு மஜ்ஜைக்காக, முதுகெலும்பு அதில் ஒட்டியிருக்கும் இறைச்சியின் சுவைக்காக, கால் ஜெலட்டினுக்காக.

எலும்பை இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் குளிர்பெட்டியில் ஊற வைத்து, நீரை மாற்றிக் குருதியை வெளியேற்ற வேண்டும். பிறகு தனி நீரில் போட்டுக் கொதி வந்தபின் 15 நிமிடம் வைத்து, மேலே திரளும் சாம்பல் நிற நுரையோடு அந்த நீர் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். அடுத்து வருவதுதான் யாரும் விரும்பாத வேலை. ஒவ்வொரு எலும்பையும் குழாயடியில் பிடித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, முதுகெலும்பின் நடுவே ஓடும் தண்டுவடத்தையும், பள்ளங்களில் உறைந்திருக்கும் குருதிக் கட்டிகளையும் நீக்க வேண்டும். இதை எவ்வளவு கண்டிப்பாகச் செய்கிறோமோ அவ்வளவுக்குச் சாறு வெளிறியும் வாடை குறைந்தும் வரும். ஆனால் வாடையை முற்றிலும் அகற்றுவதை இலக்காகக் கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். குருமேயில் பழைய கடைகளின் பக்கம் போகும்போது தெருமுனையிலேயே வந்து எதிர்கொள்ளும் அந்த விலங்கு வாடை இல்லாத சாறு, எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் அவ்வூர்ச் சாறாகத் தோன்றவில்லை. வெளியூர்ப் பயணிகளை மனத்தில் கொண்டு வாடையைத் துடைத்தெடுத்துவிட்ட கடைகள் ஃபுகுவோகா நகரில் பெருகிவிட்டன. அவை சுத்தமானவை, சுவையானவை, ஒன்றுக்கொன்று வேற்றுமை இல்லாதவை.

கழுவிய எலும்பைப் பானையில் இட்டுப் புதிய நீர் ஊற்றி, மூடியைச் சாய்வாக வைத்து, நீர் முழுவதும் புரண்டு கொதிக்கும் அளவுக்குத் தீ வைக்க வேண்டும். என் அடுப்பில் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் நீர் ஆவியாகிறது. அதைத் தண்ணீரால் ஈடுசெய்தால் கொதி அடங்கிவிடும் என்பதால் பக்கத்து அடுப்பில் வெந்நீர் எப்போதும் தயாராக இருந்தது. முதல் 3 மணி நேரத்தில் சாறு மஞ்சள் கலந்த தெளிவோடுதான் இருக்கும். புதிதாகச் செய்கிறவர் மனம் தளர்வது இங்கேதான். 6 மணி நேரம் ஆகும்போது முதுகெலும்பு மூட்டுகள் கழன்று விழும். அப்போது துடுப்பால் குத்தி எலும்புகளை உடைத்துவிட்டால், உள்ளே எஞ்சியிருக்கும் மஜ்ஜை வெளிவந்து சாறு விரைவாக வெளுக்கும். 9 மணி நேரத்திற்குப் பின் நீர் சேர்ப்பதை நிறுத்தி வற்ற விட்டேன். 12 மணி நேரத்தில் வடிகட்டியபோது 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது; கிண்ணத்துக்கு 300 மில்லி வீதம் அது 12 அல்லது 13 பேருக்குப் போதும்.

சாற்றின் அடர்த்தியைக் கடைக்காரர்கள் பிரிக்ஸ் மானி என்ற கருவியால் அளக்கிறார்கள். பழச்சாற்றின் சர்க்கரையை அளக்கப் பயன்படும் அதே கருவிதான்; கரைந்துள்ள பொருளின் அளவைப் பொறுத்து ஒளி வளையும் கோணத்தை அது காட்டுகிறது. கொழுப்புத் துளிகள் நிறைந்த சாற்றில் எல்லைக்கோடு மங்கலாகத் தெரியும் என்பதால், அந்த எண்ணை மற்றவர்கள் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே பானையின் நேற்றைய நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிட மட்டுமே அது உதவும். என் பானை 6 மணி நேரத்தில் 5 என்றும் 12 மணி நேரத்தில் 9 என்றும் காட்டியது.

அழுத்தக் கலன் வைத்திருப்பவர்கள் இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்கக்கூடும். அழுத்தத்தில் நீரின் வெப்பநிலை 120 டிகிரியை நெருங்குவதால் 2 மணி நேரத்திலேயே எலும்பு நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஜெலட்டினும் போதிய அளவு இறங்குகிறது. ஆனால் மூடிய கலனுக்குள் கொந்தளிப்பு இல்லாததால் கொழுப்பு உடைவதில்லை. திறக்கும்போது மேலே எண்ணெயும் கீழே தெளிந்த சாறுமாகவே இருக்கும். அதன் பின் 1 மணி நேரம் திறந்த பானையில் கொதிக்க வைத்தால் வெண்மை வரும். கை மின்கலக்கியால் அடித்தால் 1 நிமிடத்திலேயே வரும். ஆனால் அப்படி வந்த வெண்மை நிலைப்பதில்லை, உண்டு முடிப்பதற்குள் கிண்ணத்தின் ஓரத்தில் எண்ணெய் வளையம் கட்டிவிடுகிறது. வாரநாளில் அவசரத்துக்கு இந்த வழி போதும்.

ஒருமுறை ஆக்கிய சாற்றை அன்றன்றே தீர்த்துவிட்டு, மறுநாள் கழுவிய பானையில் புதிதாகத் தொடங்குவதற்குத் தோரிகிரி முறை என்று பெயர். வீட்டில் ஆக்குகிறவர் எல்லோரும் அறிந்தோ அறியாமலோ செய்வது இதைத்தான். இப்படி வரும் சாறு வெளிச்சமான நிறத்தோடும், நாக்கில் நிற்காமல் இறங்கும் தன்மையோடும் இருப்பதால், முதலில் நாகஹாமா கிண்ணத்தை முயன்று பார்ப்பதே முறை.

நாகஹாமா ஃபுகுவோகா நகரின் மீன்சந்தைப் பகுதி. 1955-இல் சந்தை அங்கு வந்தது. ஏல நேரத்துக்கு இடையில் ஓடிவந்து நின்றபடியே உண்டுவிட்டுப் போகும் தொழிலாளர்களுக்காக, விரைவில் வேகக்கூடிய மெல்லிய நூடுல்ஸும், மெல்லிய நூடுல்ஸ் ஊறிக் குழைந்துவிடும் என்பதால் கிண்ணத்தில் குறைவாக இட்டு, வேண்டியவருக்கு மறுபடி நூடுல்ஸ் மட்டும் போடும் கயேதமா வழக்கமும் அங்கேயே உருவாயின. ‘கன்சோ நாகஹாமாயா’ கடையில் உணவுப் பட்டியலே தேவையில்லை, ராமென் ஒன்றுதான். உட்காரும்போது நூடுல்ஸ் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும், கொழுப்பு எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். மிகுதியான கொழுப்பும் விறைப்பான நூடுல்ஸும் வேண்டுமென்றால் ‘பெத்தகத்தா’, கொழுப்பு வேண்டாமென்றால் ‘நஷிகத்தா’. கயேதமா போடும்போது நூடுல்ஸோடு வெந்நீரும் சேர்ந்து வந்து சாற்றை நீர்க்கச் செய்யும்; அதை ஈடுகட்ட மேசையில் கெண்டி நிறையச் சோயாக் கலவை வைத்திருக்கிறார்கள். அங்குள்ள சாறு, பெயர் பெற்ற நகரக் கடைகளின் சாற்றைவிட எவ்வளவு இலேசானது என்பது முதல் வாயிலேயே தெரிகிறது. பாலேடு போன்ற கெட்டியையே தொன்கொட்சுவின் சிறப்பாகக் கருதிப் போகிறவர்கள் ஏமாற்றமடைந்து திரும்புவதையும் பார்த்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை, விடியற்காலையில் வேலை நடுவே உண்ணும் உணவு அப்படித்தான் இருக்க முடியும்.

கிண்ணத்தின் அடியில் இடும் உப்புக்கலவை கயேஷி எனப்படும். இளநிறச் சோயாச் சாறு 200 மில்லி, சாக்கே என்ற அரிசி மது 50 மில்லி, மிரின் என்ற இனிப்பு அரிசி மது 30 மில்லி, கொம்பு எனப்படும் கடற்பாசி 5 கிராம், உப்பு 15 கிராம் ஆகியவற்றை ஒன்றாகச் சூடாக்கி ஒரு நாள் வைத்திருந்தேன். இளநிறச் சோயா என்பதால் உப்பு குறைவு என்று கருதிவிடக் கூடாது. அதில் உப்பு 18 முதல் 19 விழுக்காடு வரை உண்டு, கருநிறச் சோயாவைவிட அதிகம். 300 மில்லி சாற்றுக்கு 25 மில்லி கயேஷி சரியாக இருந்தது. சாற்றில் உப்பே சேர்க்காமல் சுவைத்துவிட்டு, இத்தனை மணி நேரம் ஆக்கியும் சப்பென்று இருக்கிறதே என்று எண்ணுவது இயல்பு. கயேஷி சேர்ந்த பிறகே பன்றியின் சுவை எழுந்து வரும்.

நூடுல்ஸைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. ஹகாத்தா வகை நூடுல்ஸில் மாவுக்கு 26 முதல் 28 விழுக்காடு நீர்தான் சேர்ப்பார்கள். 500 கிராம் மாவுக்கு 140 மில்லி நீர், 5 கிராம் கான்சுயி என்ற அல்கலி உப்புத்தூள், 5 கிராம் உப்பு என்று அளந்து பிசைந்தால், கிடைப்பது மாவுருண்டை அன்று, உதிரும் துகள். அதைத் தடித்த பையில் போட்டுக் காலால் மிதித்து, ஓய்வு கொடுத்து, கைச்சுற்று இயந்திரத்தில் மடித்து மடித்துத் தகடாக்க வேண்டும். இயந்திரத்தின் கைப்பிடி வளைந்துவிடும் என்ற அச்சம் எனக்கு ஒவ்வொரு முறையும் இருந்தது. ஃபுகுவோகா மாநிலம் ராமெனுக்கென்றே உருவாக்கிய ‘ரா-முகி’ கோதுமையில் செய்த பச்சை நூடுல்ஸ் இவ்வூர் அங்காடிகளில் கிடைக்கும்போது, இந்த உழைப்பை அறிவுடைமை என்று சொல்ல மாட்டேன். வாங்கிய நூடுல்ஸை, மாவைத் தட்டி உதிர்த்துவிட்டு, நிறையக் கொதிநீரில் 40 வினாடி வைத்து, நீரை நன்றாக உதறினால் ‘கத்தா’ எனப்படும் விறைப்பு நிலை வருகிறது. சில வினாடி மட்டுமே நனைத்து எடுக்கும் ‘ஹரிகானே’ நிலையைச் சிலர் பெருமையோடு கேட்கிறார்கள். பச்சை மாவு வாடையைத் தவிர அதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மேலே மெல்லிய பன்றி இறைச்சித் துண்டு, நறுக்கிய வெங்காயத்தாள். எள்ளும் சிவப்பு இஞ்சியும் உண்பவர் விருப்பம். காரக் கடுகுக்கீரை ஊறுகாயைச் சாறு குடித்துப் பார்க்கும் முன்பே போடக் கூடாது. அது சேர்ந்தபின் சாற்றின் சுவையை அறிய முடியாது.

இனிக் குருமே. ஃபுகுவோகா நகர மையமான தென்ஜினிலிருந்து நிஷிதெட்சு நிறுவனத்தின் விரைவு ரயிலில் அரைமணி நேரப் பயணம். 1953-இல் தள்ளுவண்டியாகத் தொடங்கிய ‘தைஹோ ராமென்’ அங்குள்ள பெயர் பெற்ற கடைகளுள் ஒன்று. 1958-இல் தேசிய நெடுஞ்சாலை 3-இன் ஓரத்தில் லாரி ஓட்டுநர்களுக்காக எழுந்த ‘மருபோஷி’ மற்றொன்று. இங்கு பழைய கடைகள் கையாளும் முறைக்கு யோபிமொதோஷி என்று பெயர். பானையை ஒருபோதும் காலி செய்வதில்லை. முதிர்ந்த சாறு பாதி குறைந்ததும், வேறு பானையில் புதிய எலும்பிலிருந்து ஆக்கிய இளஞ்சாறு அதில் சேர்க்கப்படுகிறது. எலும்புகளும் முழுவதும் மாற்றப்படாமல் படிப்படியாகவே மாற்றப்படுகின்றன. எனவே ஒரு கிண்ணத்தில் இன்று காலை எலும்பும் இருக்கிறது, எண்ண முடியாத பழைய நாள்களின் எச்சமும் இருக்கிறது. மேற்பரப்பில் நுண்ணிய நுரை, பழுப்பு கலந்த வெண்மை, மூக்கில் ஏறும் முதிர்ந்த மணம் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள்.

பழைய சாற்றை மட்டும் மேலும் மேலும் கொதிக்க வைத்தால் இந்த மணம் வந்துவிடாதா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. வடித்த சாற்றில் ஒரு பகுதியைப் புதிய எலும்பு எதுவும் சேர்க்காமல் மறுநாள் முழுவதும் கொதிக்க வைத்துப் பார்த்தேன். மணம் ஆழமானது, ஆனால் சாறு உதட்டில் ஒட்டும் தன்மையை இழந்தது, மேலே எண்ணெய் பிரிந்தது. காரணம் ஜெலட்டினில் இருக்கிறது. கொலாஜனிலிருந்து புதிதாக இறங்கும்போது அதன் மூலக்கூறுகள் நீளமானவை. அவைதாம் கொழுப்புத் துளிகளைப் பிடித்து வைப்பவை. சூட்டில் நேரம் கூடக்கூட அவை சிறு துண்டுகளாக அறுபட்டுப் போகின்றன. மணத்துக்குப் பழைமை வேண்டும், பிடிப்புக்குப் புதுமை வேண்டும். இரண்டும் ஒரே எலும்பிலிருந்து ஒரே நேரத்தில் கிடைக்காது. குருமேக்காரர்கள் பல பானைகளை வெவ்வேறு முதிர்ச்சியில் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதன் தேவை எனக்கு அந்த எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

வீட்டில் இதற்கு ஓர் எளிய மாற்று உண்டு. ஒவ்வொரு முறை ஆக்கும்போதும் மூன்றில் ஒரு பங்கு சாற்றை உறையவைத்து, அடுத்த முறை புதிய எலும்பு 8 மணி நேரம் கொதித்த பின் அதில் சேர்த்து, இரண்டும் ஒன்றாக 3 மணி நேரம் கொதிக்க விட வேண்டும். அதன் பின் மீண்டும் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும். முதற்கலப்பில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. கலப்புகள் அடுக்கிக்கொண்டே போகும்போது, கிண்ணத்தில் ஊற்றியவுடன் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்குகிறது, மணமும் வேறாகிறது. கடையின் பானை என்றும் ஆறுவதில்லை, என் சாறோ இடையிடையே உறைந்து கிடக்கிறது; ஆகவே இதைக் குருமே முறை என்று உரிமை கொண்டாட முடியாது. ஆயினும் தோரிகிரி சாற்றையும் இதையும் அருகருகே வைத்தால், ஒரே எலும்பு, ஒரே நீர், ஒரே அடுப்பு என்பதை விருந்தினர் நம்ப மறுக்கிறார்கள்.

இந்த முறையை வீட்டில் முயல்வோர் ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் 100 டிகிரிக் கொதியிலும் சாவதில்லை. பெரிய பானையில் சாறு மெல்ல ஆறும்போது, ஏறக்குறைய 45 டிகிரியில், காற்றுப் புகாத அடிப்பகுதியில் அவை முளைத்து வேகமாகப் பெருகுகின்றன. தொன்கொட்சுவின் மேலே மிதக்கும் கொழுப்பு, சூட்டை வெளியேற விடாத மூடியாக இருந்து அவற்றுக்கு உதவுகிறது. எனவே பானையை அப்படியே விட்டுவிட்டு உறங்கச் செல்லக் கூடாது. வடித்த சாற்றை ஆழமற்ற எஃகுத் தட்டுகளில் பகிர்ந்து, கழுவுதொட்டியில் பனிக்கட்டி நீரின் மேல் வைத்துக் கிளறி, கையால் தொட்டுக் குளிர்ச்சி உணரும் நிலைக்கு விரைவில் கொண்டுவந்து, உடனே குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். கடைகள் தீயை அணைக்காமல் இருப்பதால் இந்த ஆபத்தைக் கடந்துவிடுகின்றன. வீட்டுக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

குருமே கிண்ணத்தில் இன்னொரு செல்வம் உண்டு. முதுகுக் கொழுப்பைச் சிறு கட்டிகளாக நறுக்கிச் சிறு தீயில் உருக்கினால், எண்ணெய் பிரிந்தபின் பொன்னிறத் துணுக்குகள் மிஞ்சும். தைஹோவில் தள்ளுவண்டிக் காலத்தை நினைவுகூரும் ‘பழைய ராமென்’ கிண்ணத்தில் இவை மிதக்கின்றன. உருக்கிய எண்ணெயில் ஒரு தேக்கரண்டியைச் சாற்றின் மேல் விட்டு, துணுக்குகளைக் கடைசியில் தூவ வேண்டும். கடற்பாசித் தாள் ஒன்றும் ஓரத்தில் செருகலாம். நூடுல்ஸ் நாகஹாமாவினதைவிடச் சற்றுத் தடிமன். விறைப்பில் இங்கு யாரும் வீரம் காட்டுவதில்லை.

குமாமொத்தோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் 40 நிமிடம். அங்கு பன்றி எலும்போடு கோழி எலும்பும் சேர்வதால் சாறு மென்மையாகிறது. நான் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கோழி எலும்புக்கூடு சேர்த்து, அதைக் கடைசி 4 மணி நேரம் மட்டும் கொதிக்க விட்டேன். நூடுல்ஸ் தடிமனானது. கயேதமா வழக்கம் அங்கு வேரூன்றவில்லை. ஆனால் அவ்வூரின் முத்திரை பூண்டு. 1954-இல் ‘கொமுராசாகி’, 1955-இல் ‘கெய்கா’ என்று அடுத்தடுத்துத் தோன்றிய கடைகள் குருமே வாடையைப் பூண்டால் ஆற்றுப்படுத்தின எனலாம். பூண்டைக் கருக்கி எடுத்த மாயு என்ற கருப்பு எண்ணெயின் வரலாற்றில், தைவானில் பிறந்து பிற்காலத்தில் ஷிகெமிட்சு தகஹாரு என்ற ஜப்பானியப் பெயரைக் கொண்டவருக்கு முக்கிய இடம் உண்டு. 1968-இல் ‘அஜிசென்’ கடையைத் தொடங்கியவர் அவரே. அதே ஆண்டில் கெய்கா தோக்கியோவின் ஷின்ஜுக்குவில் கடை திறந்தது.

மாயு ஆக்குவதில் நுணுக்கம் இருக்கிறது. முழுவதையும் ஒரேயடியாகக் கருக்கினால் கசப்பு மட்டுமே எஞ்சும். 100 கிராம் பூண்டைப் பொடியாக நறுக்கி, பன்றிக் கொழுப்பும் எள்ளெண்ணெயும் சமமாகக் கலந்த 200 மில்லி எண்ணெயில் மிகச் சிறு தீயில் இட்டு, பொன்னிறம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கையும், செம்பழுப்பு வந்ததும் இன்னொரு பங்கையும் அள்ளி வைத்துவிட்டு, மீதியை மட்டும் கருமைக்கு முந்திய நிலை வரை கொண்டு செல்ல வேண்டும். மூன்றையும் ஆறிய பின் எண்ணெயோடு சேர்த்து அரைத்தால், இனிப்பும் வறுபட்ட மணமும் கசப்பும் அடுக்கடுக்காக வரும். கிண்ணத்துக்கு 1 தேக்கரண்டிக்கு மேல் விடக் கூடாது. மர நாய்க்குடையான கிகுராகேயை மெல்லிய கீற்றுகளாக நறுக்கியும், முட்டைக்கோசைப் பச்சையாகவும் மேலே வைத்தேன். கெய்காவின் பாணி அது. மூன்று ஊர்க் கிண்ணங்களில் வீட்டார் அதிகம் விரும்பியது இதைத்தான். சாற்றின் குறைகளை மாயு மறைத்துவிடுகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம் என நினைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர் இங்கிருந்து தொடங்கலாம்.

தெற்கே ககோஷிமா இந்தக் குடும்பத்தில் சேராதது. 1947-இல் மிச்சியோகா சுனா என்ற பெண்மணி தொடங்கிய ‘நொபோருயா’ வழியாக வந்த அந்த மரபுக்குக் குருமேயோடு தொடர்பில்லை. பன்றி, கோழி, காய்கறி சேர்ந்த பாதித் தெளிவான சாறு, உட்கார்ந்தவுடன் முன்னே வரும் முள்ளங்கி ஊறுகாய். கொந்தளிப்பு வேண்டாத சாறு என்பதால் என் பானைச் சோதனைக்கு வெளியே வைத்தேன். இந்த ஊர்கள் எல்லாம் அமைந்த க்யூஷு தீவுக்கு அப்பால் வகாயாமாவில் சோயாவும் பன்றி எலும்பும் சமமாகப் பேசும் பழுப்புச் சாறு உண்டு. அங்கு மேசையில் கானாங்கெளுத்தி வைத்து அழுத்திய சோற்றுக்கட்டியும் அவித்த முட்டையும் காத்திருக்கும், உண்ட எண்ணிக்கையை வெளியேறும்போது நாமே சொல்லிப் பணம் தர வேண்டும். இறைச்சித் துண்டுகளை வேக வைத்த கருஞ்சோயாவையே கயேஷியாகப் பயன்படுத்தி, மிஞ்சிய சாற்றில் அதையும் ஒரு கிண்ணம் ஆக்கிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது, ஆனால் கடையில் உண்ணாததால் ஒப்பிட்டு எழுத எனக்கு உரிமையில்லை.

இறுதியாக எலும்பைப் பற்றி. ஒருமுறை ஆக்கி முடிந்ததும் 2 கிலோவுக்கு மேல் சொதசொதத்த எலும்பு எஞ்சும். ஃபுகுவோகா நகரில் குப்பை இரவில்தான் எடுக்கப்படுகிறது என்பது இந்த வேலைக்குப் பெரும் உதவி. காலையில் தொடங்கிய பானையை எரியும் குப்பை எடுக்கும் நாளின் இரவில் வடிகட்டும்படி திட்டமிட்டால், எலும்பு வீட்டில் தங்குவதில்லை. நீரை முற்றிலும் வடித்து, செய்தித்தாளில் இரு மடிப்பாகச் சுற்றி, நகராட்சிப் பையில் கட்ட வேண்டும். பானையின் சுவரில் ஒட்டிய கொழுப்பைக் காகிதத்தால் துடைத்த பின்னரே கழுவ வேண்டும். கழுவுதொட்டியில் இறங்கிய பன்றிக் கொழுப்பு குளிர்காலத்தில் குழாய்க்குள் கட்டியாகிவிடும். காற்றிழுப்பியின் வடிதட்டை ஒவ்வொரு முறையும் கழற்றி ஊற வைக்க வேண்டியிருக்கிறது. ஜன்னல் திசையில் துணி உலர்த்தும் அண்டை வீட்டாருக்கு, பானை ஏற்றும் நாளை முன்னரே சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் துணியை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டு, மாலையில் கிண்ணத்தோடு வருகிறார்கள்.